திறக்கலாமா என்று யாரைக் கேட்பது?

திண்டிவனத்திலிருந்து கோட்டைக்கு – 9

சென்ற வாரம் 1947 மார்ச் 23இல் நிறுத்தியிருந்தோம். பிரகாசம் மந்திரிசபை கவிழ்ந்து, திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஓ.பி. இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற நாள் அது. முதலமைச்சரை அந்நாளில் பிரதமர் என்றே சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வயது. வள்ளலார் வழியில் நின்ற பக்தர். காலையில் வழிபாடு முடியாமல் கோப்பைத் தொடாத இந்த மனிதரின் ஆட்சியில்தான், கோயில் கதவுகளைப் பற்றி அதுவரை இந்த மாகாணம் காணாத ஒரு சட்டம் நிறைவேறியது. 1947ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். பெயர், சென்னை ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம்.

சட்டத்தின் உயிர் அதன் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. வேறு எந்தச் சட்டமும் வழக்கமும் எப்படிச் சொன்னாலும் சரி, விலக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த எந்த இந்துவும் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் போகலாம், மற்ற இந்துக்கள் எப்படி வழிபடுகிறார்களோ அப்படியே வழிபடலாம். அவ்வளவுதான். ஊராரைக் கேள், பக்தர்களிடம் ஓட்டெடு, தர்மகர்த்தா சம்மதித்தால் திற என்ற நிபந்தனை எதுவும் அந்தப் பிரிவில் கிடையாது.

இதிலென்ன புதுமை என்று இன்றைய வாசகர் கேட்கக்கூடும். அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டு முயற்சிகளில் ஏறக்குறைய எல்லாமே யாரிடமோ கையெழுத்து வாங்குவதாகவோ, யாரிடமோ ஓட்டெடுப்பதாகவோதான் இருந்தன. கையெழுத்துப் போட்டவர்களும் ஓட்டுப் போட்டவர்களும் யார் என்று பார்த்தால் ஓமந்தூரார் ஆட்சி செய்ததின் அளவு தெரியும். ஆகவே இந்த வாரம் கோட்டையை விட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

திருவிதாங்கூரில் தொடங்கலாம். மனுப் போடுவதை ஓர் அரசியல் கலையாகவே வளர்த்த சீமை அது. 1891இல் மலையாளி மெமோரியல் என்று ஒரு விண்ணப்பம் மன்னருக்குப் போனது. பத்தாயிரத்துச் சொச்சம் கையெழுத்து. அரசு வேலைகள் வெளியூர்ப் பிராமணர்களுக்கே போகின்றன என்பது குறை. 1896இல் டாக்டர் பல்பு தலைமையில் ஈழவர்கள் தனியாக ஒரு மகஜர் கொடுத்தார்கள். அதில் 13,176 கையெழுத்து. பள்ளியும் உத்தியோகமும் கேட்டார்கள். இரண்டுக்கும் வந்த பதில் ஏறத்தாழ ஒன்றுதான்: பார்க்கலாம்.

வைக்கம் வந்தபோது மனுவும் ஓட்டும் ஒரே கதையில் சேர்ந்தன. வைக்கத்தில் கேட்டது கோயிலுக்குள் போகும் உரிமையைக்கூட இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமையை. 1924 மார்ச் இறுதியில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் தலைவர்கள் வரிசையாகக் கைதானபின், ஈரோட்டிலிருந்து பெரியார் போய் இருமுறை சிறைப்பட்டதெல்லாம் தமிழ் வாசகருக்குப் பழக்கமான செய்தி. அவ்வளவாகப் பேசப்படாதது அந்த ஆண்டு நவம்பரில் நடந்தது. மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து சாதி இந்துக்கள் திருவனந்தபுரத்துக்கு நடந்தார்கள். தெற்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு இன்னொரு கூட்டத்தை நடத்திக்கொண்டு வந்தார். இருபத்தையாயிரத்துக்கும் மேல் சாதி இந்துக்கள் கையொப்பமிட்ட மனு, ஆட்சிப் பொறுப்பில் இருந்த மகாராணி சேது லட்சுமிபாயிடம் தரப்பட்டது. மகாராணி பந்தைச் சட்டசபைப் பக்கம் தள்ளிவிட்டார்.

1925 பிப்ரவரி 7. எல்லாக் கோயில் தெருக்களும் எல்லாருக்கும் என்று என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் திருவிதாங்கூர் சட்டசபையில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஓட்டில் போயிற்று. வரலாற்றாசிரியர்கள் இந்த ஒற்றை ஓட்டைப் பற்றி நிறையப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. 22-21 என்று ஜெயித்திருந்தாலும், ஒரு மனிதன் தெருவில் நடக்கலாம் என்பது ஒரு சபை உறுப்பினரின் தலையசைப்பில் தொங்கியிருக்கும் என்பதுதான் உறுத்துகிறது.

*

குருவாயூர் நம் மாகாணத்துக் கதை. அன்று மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தின் பகுதி. குருவாயூர் அதில் பொன்னானி வட்டத்தில் இருந்தது. 1931 நவம்பர் 1இல் கே. கேளப்பன் தலைமையில் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏ.கே. கோபாலன் தொண்டர் படைக்குத் தலைவர். பி. கிருஷ்ணபிள்ளை, பிராமணர் மட்டும் அடிக்கலாம் என்றிருந்த கோயில் மணியை அடித்து உதை வாங்கினார். அடுத்த செப்டம்பரில் கேளப்பன் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்க, எரவாடாச் சிறையிலிருந்து காந்தி தலையிட்டு அக்டோபர் 2இல் அதை நிறுத்தினார். மூன்று மாதத்தில் கோயில் திறக்காவிட்டால் தானும் சேர்ந்து உண்ணாவிரதம் இருப்பதாகச் சொன்னார். நாள் குறித்தாயிற்று: 1933 ஜனவரி 2.

கோயிலின் தர்மகர்த்தா கோழிக்கோட்டு சாமூதிரி. பக்தர்கள் விரும்பவில்லை, வழக்கத்தை மாற்ற எனக்கு அதிகாரமும் இல்லை என்றார். இரண்டாவது வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் 1897இல் நாடார்கள் நுழைந்ததைப் பற்றிய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. வழக்கம் என்ன என்பதே அன்றைய நீதிமன்றங்களின் கேள்வி, நியாயம் என்ன என்பதல்ல. அந்த வழக்கின் நடுவில் கோயிலின் தர்மகர்த்தாவான இராமநாதபுரம் ராஜாவே சமரசத்துக்கு இறங்கி வந்தும் பலிக்கவில்லை. தர்மகர்த்தா கோயிலுக்குச் சொந்தக்காரர் இல்லையாம். நெடுநாள் வழக்கத்தின் காவலாளியாம்.

சாமூதிரியின் முதல் வாதத்துக்குப் பதில் சொல்லத்தான் பொன்னானி வட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. 1932 டிசம்பர். இராஜாஜி, கே. மாதவன் நாயர் போன்றோர் மேற்பார்வை. பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்தக் கோயிலில் நுழையும் உரிமை உள்ள வயது வந்தவர்கள் என்று கணக்கெடுக்கப்பட்டவர்கள் 27,000க்கும் மேல். அவர்களில் கருத்துச் சொன்னவர்கள் 20,000க்கும் மேல். சொன்னவர்களில் 77 விழுக்காட்டினர் திறக்கலாம் என்றார்கள். மொத்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பார்த்தாலும் ஆதரவு 56, எதிர்ப்பு 9, நடுநிலை 8. மீதி 27 விழுக்காட்டினர் கருத்தே சொல்லவில்லை.

இந்தியாவில் ஒரு கோயில் கதவைப் பற்றி நடந்த முதல் பெரிய ஓட்டெடுப்பு என்று இதைச் சொன்னால் தவறாகாது. பெண்கள் பெருந்திரளாகக் கருத்துச் சொன்னார்கள். சட்டசபைத் தேர்தலில் சொத்தும் வரியும் இல்லாத பெண்ணுக்கு ஓட்டில்லாத காலம் அது. அந்த வகையில் அரசாங்கத் தேர்தலைவிட இது பரந்த தேர்தல். நேர்மையாக நடந்தது என்றும், தோற்றால் உண்ணாவிரதம் கிடையாது என்று காந்தி முன்கூட்டியே சொல்லியிருந்தார் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் யாரைக் கேட்டார்கள்? ஏற்கெனவே உள்ளே போகக்கூடியவர்களை. கதவுக்கு வெளியே நின்ற செறுமனையும் புலையனையும் தீயரையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு அதேதான் வந்திருக்கும், எண்ணிக்கைதான் கூடியிருக்கும். கேட்காமல் விட்டதற்கு ஒரு தர்க்கம் இருந்தது: எதிர்ப்பு சாதி இந்துக்களிடமிருந்து வருகிறது, ஆகவே அவர்கள் மனம் மாறியிருப்பதைக் காட்ட வேண்டும். தர்க்கம் சரி. அதற்குள் ஒளிந்திருக்கும் ஒப்புதல்தான் சரியில்லை. கதவின் சாவி உள்ளே இருப்பவர்களுடையது, அவர்கள் மனம் வைத்தால் திறப்பார்கள் என்று ஓட்டெடுப்பு நடத்தியவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

77 விழுக்காட்டுக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. சாமூதிரி சட்டத்தைக் காட்டினார். காந்தி, சட்டம் மாறட்டும் என்று உண்ணாவிரதத்தைத் தள்ளிவைத்தார். சென்னைச் சட்டசபையில் டாக்டர் பி. சுப்பராயன் ஒரு மசோதாவை முன்வைத்திருந்தார். குமாரமங்கலம் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதலமைச்சர். வாசகர் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இவர் திரும்பி வருவார். அவருடைய மசோதாவிலும் ஓட்டுதான். ஊரில் கோயிலுக்கு உரிய வாக்காளர்கள் கேட்டுக்கொண்டால் தர்மகர்த்தா ஓட்டெடுக்க வேண்டும். பெரும்பான்மை சொன்னால் கதவு திறக்கும். வைஸ்ராய் வில்லிங்டன் 1933 ஜனவரியில் இதற்கு அனுமதி மறுத்து, டில்லி சட்டசபையில் சி.எஸ். ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவுக்கு மட்டும் வழிவிட்டார். அதுவும் நாடு முழுக்கக் கருத்துக் கேட்டபிறகே என்றார்.

கருத்துக் கேட்பது என்றால் மனுக்களின் திருவிழா. சனாதனிகள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுத் தீர்மானமும் கையெழுத்தும் திரட்டி அனுப்பினார்கள். வருணாசிரம சுயராஜ்ய சங்கம் முன்னால் நின்றது. சென்னையைச் சேர்ந்த எம்.கே. ஆச்சாரியா அதன் முக்கியக் குரல். சீர்திருத்தக்காரர்களும் சளைக்கவில்லை. தட்டிக்கழிக்க வேண்டும் என்று நினைக்கும் அரசுக்கு இரு பக்கமும் மலைபோல் மனுக் குவிவதைவிட வசதி வேறில்லை. 1934 ஆகஸ்டில், தேர்தல் நெருங்கும் வேளையில், காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ள, ரங்க ஐயர் மசோதா கைவிடப்பட்டது. அவையில் ரங்க ஐயர் கசப்பைக் கொட்டித் தீர்த்தார்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே 1933 பிப்ரவரி 14இல் அம்பேத்கர் வெளியிட்ட அறிக்கையைப் படிப்பவர் குறைவு. இந்த மசோதாவை ஆதரிக்க முடியாது என்றார். காரணம்: தீண்டாமை பாவம் என்று மசோதா சொல்லவில்லை. பெரும்பான்மை ஓட்டளித்தால் போகும், இல்லாவிட்டால் இருக்கும் என்றுதான் சொல்கிறது. பாவத்தைப் பெரும்பான்மையினர் செய்கிறார்கள் என்பதற்காக அது பொறுக்கத்தக்கதாகிவிடுமா என்பது அவருடைய கேள்வி. அன்று அவரைக் காரியத்தைக் கெடுப்பவர் என்றார்கள். பதினான்கு ஆண்டு கழித்துச் சென்னையில் எழுதப்பட்ட சட்டம், சொல்லாமலேயே அவர் பக்கம் போய் நின்றது.

*

இங்கே ஓமந்தூருக்குப் பக்கத்திலேயே இருந்த இன்னொரு வழக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். திண்டிவனம் அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களில் ஒன்று. வால்டர் ஸ்கடர் பள்ளியின் பெயர் அங்கே இன்னும் நிலைத்திருக்கிறது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய அந்த மிஷன், சீர்திருத்தத் திருச்சபை மரபைச் சேர்ந்தது. அந்த மரபில் பேராயர் கிடையாது. சபை மக்கள் மூப்பர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். மூப்பர்களும் போதகர்களும் கூடி ஓட்டுப் போட்டுத்தான் எதையும் முடிவு செய்வார்கள். தென்னாற்காட்டுக் கிராமத்தில் கூலிவேலை செய்யும் ஒருவர், அரசாங்கம் அவருக்கு ஓட்டுக் கொடுப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே சபையில் கைதூக்கியிருக்கலாம்.

கிறிஸ்தவர்களிடமும் மனுப் பிரசாரத்துக்குக் குறைவில்லை. இந்தியாவுக்குள் மிஷனரிகளை அனுமதிக்க வேண்டும் என்று 1813இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. ஏறத்தாழ ஐந்து லட்சம் கையெழுத்து. போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்திராதவர்கள். சட்டம் அவர்கள் கேட்டபடி மாறியது. இங்கே சபைகளுக்குள் சாதி புகுந்தபோது மனுக்கள் எதிர்த்திசையில் பறந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்கு முன்பே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மிஷனரிகளின் புதிய போக்கைக் கண்டித்து விண்ணப்பங்கள் எழுதியிருந்தார். பெரும் புலவர், அந்த விஷயத்தில் அவர் நின்ற பக்கம் தவறு.

வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் இன்னும் வெளிப்படை. வேளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு ஒரு கூடம். இரண்டும் பீடத்தின் அருகே மட்டும் சேரும்படி கட்டியிருந்தார்கள். 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டது. வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம், மதம் மாறியவர் பழைய சாதி உரிமையைத் தேவாலயத்துக்குள் கேட்க முடியாது என்று அவர்களைத் திருப்பி அனுப்பியது. கமுதியில் வழக்கம் வென்றது, வடக்கன்குளத்தில் வழக்கம் தோற்றது. இடையில் பத்து ஆண்டுகூட இல்லை.

இவ்வளவையும் சொல்வது 1947க்கு வருவதற்காகத்தான். ஓமந்தூரார் பிரதமராக இருந்த அந்த ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாயின. திண்டிவனத்து ஆற்காடு மிஷன் சபைகள் அந்த ஐக்கிய சபை வழியே உள்ளே வந்தன. பதினான்கு பேராயங்கள், சுமார் பத்து லட்சம் மக்கள். இதற்கான பேச்சு 1919 மே மாதம் தரங்கம்பாடியில் தொடங்கியது. அங்கே கூடிய 33 பேரில் இருவர் தவிர எல்லாரும் இந்தியர். முன்னின்றவர்கள், வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயரான வே.ச. அசரியாவும், ஐக்கிய சபையின் வே. சந்தியாகுவும்.

தரங்கம்பாடிக்கும் செயின்ட் ஜார்ஜுக்கும் நடுவே இருபத்தெட்டு ஆண்டுகள். அந்த இருபத்தெட்டும் ஏறக்குறைய ஓட்டெடுப்புகளிலேயே கழிந்தன. வரைவு ஒன்று தயாராகும், ஒவ்வொரு வட்டாரச் சங்கமும் அதை ஓட்டுக்கு விடும், திருத்தம் வரும், மறுபடியும் முதலிலிருந்து. ஆங்கிலிக்கன் பக்கத்தில் பேராயர்கள் ஓர் அவை, குருமார் ஓர் அவை, சபை மக்கள் ஓர் அவை. மூன்றும் ஒப்ப வேண்டும். இங்கிலாந்தில் எதிர்ப்பு மூண்டது, கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இந்தத் திட்டத்தைச் சாடிச் சிறு நூல் ஒன்றையே எழுதினார். மெதடிஸ்ட்கள் 1943இலும், ஆங்கிலிக்கன் பொதுக்குழு 1945 ஜனவரியிலும், ஐக்கிய சபை 1946இலும் இறுதியாகச் சரி என்றன. அந்த 1945 ஜனவரி முதல் நாளில்தான் அசரியா இறந்துபோயிருந்தார். ஓட்டின் முடிவைக் கேட்க அவர் இல்லை. நந்தியாலைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் சபைகள் கடைசிவரை ஒப்பவில்லை. வெளியே நிற்கிறோம் என்றார்கள், நின்றார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இருபத்தெட்டு ஆண்டு என்பது ஆமை வேகம்தான். ஆனாலும் அந்த ஓட்டு பொருத்தமான ஓட்டு என்பேன். தங்கள் சபை எதனுடன் சேர வேண்டும் என்பதைச் சபை மக்கள் தாங்களே முடிவு செய்தார்கள். பிடிக்காதவர்கள் விலகி நிற்க வழி இருந்தது. பொன்னானியில் நடந்தது அதுவல்ல. ஒருவர் வாசலைத் தாண்டலாமா என்பதை இன்னொருவரிடம் கேட்டார்கள். அடுத்த வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால்தான் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்பது போன்ற ஏற்பாடு அது.

*

மாகாணத்துக்குத் திரும்புவோம். 1937இல் இராஜாஜி மந்திரிசபை வந்தது. 1938இல் எம்.சி. ராஜா சட்டசபையில் ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்டோரின் மூத்த தலைவர். பூனா ஒப்பந்தக் காலத்தில் காந்தியின் பக்கம் நின்றவர். அவருடைய மசோதாவை இராஜாஜி எதிர்த்தார். காங்கிரஸ் பெரும்பான்மை அதைத் தோற்கடித்தது. ராஜா மனம் நொந்து காந்திக்கு எழுத, இராஜாஜியை நம்புங்கள் என்ற போக்கில் பதில் வந்தது. பிறகு இராஜாஜியே மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதிலும் பழைய பொன்னானி முறைதான்: சாதி இந்து வாக்காளர்களிடம் ஓட்டெடுத்து, பெரும்பான்மை ஒப்பினால் திறப்பது.

1939 ஜூலை 8இல் மதுரையில் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்றார். எதிர்ப்பாளர்கள் வழக்குக்குப் போக, நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் காக்க அரசு அவசரச் சட்டமும், அந்த ஆண்டே முறையான சட்டமும் போட்டது. மதுரைக் கதை பலமுறை சொல்லப்பட்டதால் இங்கே நீட்டவில்லை. அந்த 1939 சட்டத்திலும் ஒரு முடிச்சு இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று தர்மகர்த்தாவுக்குத் தோன்றினால், அரசு அனுமதியுடன் திறக்கலாம். தோன்றாவிட்டால்?

இந்த முடிச்சை அவிழ்த்தது 1947. அந்தச் சட்டசபையும் எல்லா மக்களும் ஓட்டுப் போட்டு வந்ததில்லை. 1946 தேர்தலில் சொத்தோ வரியோ எழுத்தறிவோ உள்ளவர்களுக்கே ஓட்டு. ஆனால் 215 இடங்களில் 30 தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பொன்னானியில் கதவுக்கு வெளியே விடப்பட்டவர்கள், கோட்டையில் அவைக்குள்ளே உட்கார்ந்து கைதூக்கினார்கள். ஹரிஜன நலத் துறை அமைச்சர் வேமுலா கூர்மையா. அந்த அவையின் சபாநாயகர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. சென்னையின் முதல் தலித் மேயராக 1937இல் இருந்தவர். சட்டம் வருமுன் மாகாணத்தின் பல கோயில்களில் காலடி வைக்க முடியாத வகுப்பில் பிறந்த ஒருவர், சட்டம் செய்யும் அவைக்குத் தலைவர். ஓமந்தூராரின் மந்திரிசபையில் உள்துறையைப் பார்த்தவர் யார் தெரியுமா? டாக்டர் சுப்பராயன். பதினைந்து ஆண்டு முன்பு, ஓட்டெடுத்துத் திறக்கலாம் என்று மசோதா எழுதி வைஸ்ராயிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே சுப்பராயன்.

1947 ஜூனில் குருவாயூர் திறந்தது. 77 விழுக்காடு சொல்லியும் திறக்காத கதவு.

அதே ஆண்டு இந்த மந்திரிசபை தேவதாசி முறை ஒழிப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை. 1927இல் சென்னைத் தேவதாசிகளே அதை எதிர்த்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்று அந்த வாழ்க்கையை அறிந்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் நின்று ஒழிப்புக்காகப் பேசினார்கள். யாரைப் பற்றிய சட்டமோ அவர்களே இரு பக்கமும் மனுப் போட்ட அரிய சம்பவம். அதற்குத் தனி வாரம் வேண்டும், தொடாமல் விடுகிறேன்.

ஆலயப் பிரவேசச் சட்டத்துக்கு எதிர்ப்பு நின்றுவிடவில்லை, நீதிமன்றத்துக்கு இடம் மாறியது. தென்கன்னடத்து மூல்கி வேங்கடரமணர் கோயில், கௌட சாரஸ்வதப் பிராமணர்களுக்கு உரியது. எங்கள் வகுப்பின் கோயில், யார் வரலாம் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்று அதன் அறங்காவலர்கள் வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957 நவம்பரில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர், முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் கரைகண்டவர் என்று சங்கீத உலகம் கொண்டாடிய அதே மனிதர். ஒரு வகுப்பாருக்குத் தங்கள் சமயக் காரியங்களை நடத்திக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் எல்லா இந்துக்களுக்கும் கோயில் திறந்திருக்க வேண்டும் என்ற சட்டம் அதற்கு மேலானது என்றார். அந்த வகுப்பாருக்கே உரிய சில சடங்குகளின்போது மட்டும் மற்றவர்களை விலக்கிக்கொள்ளலாம்; அந்தச் சலுகை, மற்ற நேரங்களில் பிறர் வழிபடும் உரிமையை விழுங்கிவிடக் கூடாது. மூன்றாம் பிரிவு நின்றது.

சட்டம் நின்ற அளவுக்கு ஊர் நிற்கவில்லை. ஓமந்தூர் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். அதிகாரிகள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பலமுறை பேசினார்கள். உடன்பாடு வரவில்லை, ஜூன் 7ஆம் தேதி கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலுடன் தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். பேச்சுவார்த்தை என்ற பெயரில் அந்த இரண்டு ஆண்டுகளும் கேட்கப்பட்டது பொன்னானிக் கேள்விதான்: ஊரார் சம்மதமா? 1947ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டப்படி அந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி இன்றும் நடப்பில் இருக்கிறது.

அடுத்த வாரம் இந்து அறநிலைய மசோதா. மடாதிபதிகளின் எதிர்ப்பும், வடலூரை நெஞ்சில் சுமந்த ஓமந்தூராரையே ‘தாடி இல்லாத இராமசாமி நாயக்கர்’ என்று சிலர் ஏசிய கதையும். அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். திண்டிவனம், செஞ்சி, வானூர், விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களில் 1947–48இல் உள்ளூர்க் கோயில் திறந்தபோது அச்சடித்த துண்டுப் பிரசுரமோ, திறக்கக் கூடாது என்று அனுப்பிய மகஜரின் நகலோ பழைய பெட்டிகளில் இருந்தால், எந்தப் பக்கத்தினுடையதாக இருந்தாலும், ஒரு பிரதி எடுத்து இதழுக்கு அனுப்பிவையுங்கள்.